ஆயில் மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது: கோளாறு முள்ளிலா, இன்ஜினிலா? லாரியில் கண்டுபிடிப்பது எப்படி?

இரவு 11 மணி. நாக்பூரில் லோடு ஏற்றிக்கொண்டு, தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஹைதராபாத் நோக்கி வந்துகொண்டிருக்கும் ஒரு லாரியிலிருந்து உங்களுக்கு போன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒரு லாஜிஸ்டிக்ஸ் நிறுவனத்தின் ஆபரேஷன்ஸ் டீமில் இருக்கலாம். அல்லது, அப்பாவின் இரண்டு லாரிகளுக்கு வேலை நேரம் போகக் கணக்குப் பார்ப்பவராக இருக்கலாம்.

"சார், ஆயில் மீட்டர் முள்ளு கீழ விழுந்துருச்சு. இன்ஜின் சத்தம் நல்லாத்தான் இருக்கு. ஓட்டட்டுமா, ஓரங்கட்டட்டுமா?"

காலையில் டெலிவரி. பக்கத்தில் மெக்கானிக் யாரும் இல்லை. "கேஜ்தான் போயிருக்கும், மெதுவா வந்துருங்க அண்ணே" என்று சொல்லிவிடத் தோன்றும். பல தடவை அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் உண்மையாக இல்லாத அந்த ஒரு தடவையில் இன்ஜினே போய்விடும்.

இந்தியாவில் ஓடும் லாரிகளில் பெரும்பகுதி, ஐந்துக்கும் குறைவான வண்டிகள் வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களுடையது. ஒரு இன்ஜின் போனால் அவர்களுக்குப் போவது உதிரிபாகச் செலவு மட்டும் இல்லை. வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாட்களிலும் தவணை ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதனால் இந்தக் கேள்விக்கு ஊகத்தில் பதில் சொல்லக்கூடாது. ஊகிக்க வேண்டிய அவசியமும் இல்லை. முள் பொய் சொல்கிறதா என்று சோதிக்க ஒரு தெளிவான வரிசை இருக்கிறது.

முதலில், அந்த போனுக்கு என்ன பதில்?

"ஓரங்கட்டி, இன்ஜினை ஆஃப் பண்ணுங்க." அவ்வளவுதான்.

காரணம், இரண்டு தவறுகளின் விலையும் சமம் இல்லை. முள் பொய் சொல்லியிருந்து நீங்கள் வண்டியை நிறுத்தினால், சில மணி நேரம் போகும். முள் உண்மை சொல்லியிருந்து நீங்கள் வண்டியை ஓட்டினால், கிராங்க் பேரிங்குகள் சில நிமிடங்களிலேயே உருகிப் பிடித்துக்கொள்ளலாம். "சத்தம் நல்லாத்தான் இருக்கு" என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடியில் 'டக் டக்' என்று கேட்க ஆரம்பிக்கும்போது, பேரிங் ஏற்கெனவே அடி வாங்கியிருக்கும்.

சாலை ஓரத்தில் நிற்பதும் ஆபத்துதான். அதனால் அகலமான ஓரமோ பக்கத்திலேயே ஒரு தாபாவோ பார்த்து நிறுத்தி, பார்க்கிங் லைட் போட்டு, பின்னால் எச்சரிக்கை முக்கோணம் வைக்கச் சொல்லுங்கள்.

இந்த முள் உண்மையில் எதை அளக்கிறது?

இன்ஜினின் அடியில் உள்ள சம்ப் தொட்டியில் ஆயில் இருக்கிறது. பம்ப் அதை உறிஞ்சி, ஃபில்டர் வழியாக, இன்ஜின் பிளாக்குக்குள் இருக்கும் சிறு பாதைகளில் தள்ளுகிறது. அங்கிருந்து கிராங்க் பேரிங், கேம்ஷாஃப்ட், டர்போ எல்லாவற்றுக்கும் போகிறது. சுழலும் இரும்பும் அதைத் தாங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடாமல் காப்பது, முடியைவிட மெல்லிய ஒரு ஆயில் படலம். டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளை எட்டக்கூடியது. அதையும் இதே ஆயில்தான் காப்பாற்றுகிறது.

அந்தப் பாதையில் ஆயில் எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறது என்பதைத்தான் முள் காட்டுகிறது. ஆயில் எவ்வளவு இருக்கிறது என்பதை இல்லை. இந்த இரண்டையும் நிறைய பேர் குழப்பிக்கொள்கிறார்கள். சம்ப் நிறைய ஆயில் இருந்தும், பம்ப் வேலை செய்யாவிட்டால் அழுத்தம் பூஜ்யம்தான்.

எவ்வளவு இருக்க வேண்டும்? மெக்கானிக்குகள் சொல்லும் தோராயக் கணக்கு: 1,000 ஆர்பிஎம்-க்கு 10 பிஎஸ்ஐ. ஒரு உதாரணம் பார்க்கலாம். 5.9 லிட்டர் கம்மின்ஸ் பி சீரிஸ் இன்ஜின் இந்தியாவில் டாடா லாரிகள் பலவற்றில் ஓடுகிறது. இன்ஜின் சூடாக இருக்கும்போது, ஐட்லிங்கில் குறைந்தது 10 பிஎஸ்ஐ, முழு வேகத்தில் குறைந்தது 30 பிஎஸ்ஐ என்பது அதற்கான வரம்பு. உங்கள் வண்டிக்கான எண் அதன் சர்வீஸ் மேனுவலில் இருக்கும், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். முள் பார் அளவில் காட்டினால், 1 பார் என்பது சுமார் 14.5 பிஎஸ்ஐ.

ஆயில் சூடானால் இளகும், அழுத்தம் குறையும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் முள் மேலே நிற்பதும், மதிய வெயிலில் டோல்கேட் வரிசையில் நிற்கும்போது கீழே இறங்குவதும் கோளாறு இல்லை. ஆக்சிலரேட்டரை மிதித்ததும் முள் ஏறினால், எண்ணும் வரம்புக்கு மேல் இருந்தால், இன்ஜின் சரியாகத்தான் இருக்கிறது.

முள்ளுக்குத் தகவல் எப்படி வருகிறது?

எங்கே பொய் நுழையும் என்று தெரிய, தகவல் வரும் வழி தெரிய வேண்டும். லாரிகளில் மூன்று வகை உண்டு.

மெக்கானிக்கல்: இன்ஜினிலிருந்து ஒரு மெல்லிய குழாய், ஆயிலை நேராக மீட்டருக்கே கொண்டுவருகிறது. மீட்டருக்குள் வளைந்த ஒரு குழல் இருக்கும். அழுத்தம் ஏறும்போது அது நிமிர முயலும். அந்த அசைவு முள்ளைத் திருப்பும். பிரான்ஸில் யூஜீன் பூர்டோன் 1849-இல் காப்புரிமை பெற்ற அதே தத்துவம்தான். கரண்ட் தேவையில்லை. குழாய் மடங்கினாலோ அடைத்தாலோ கசிந்தாலோ அளவு தவறும்.

எலக்ட்ரிக்கல்: இன்ஜினில் திருகியிருக்கும் ஒரு சென்டர், அழுத்தத்துக்கு ஏற்பத் தன் மின்தடையை மாற்றுகிறது. ஒரு ஒயர் அதை மீட்டருக்குச் சொல்கிறது. பெரும்பாலும் எர்த், இன்ஜின் பாடி வழியாகத்தான். ஒயர், கப்ளர், எர்த், சென்டர், மீட்டர் என்று பொய் நுழைய ஐந்து வாசல்கள்.

எலக்ட்ரானிக்: சென்சார் தரும் வோல்டேஜை இன்ஜினின் கம்ப்யூட்டரான இசிஎம் படித்து, எண்ணாக மாற்றி டேஷ்போர்டுக்கு அனுப்புகிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் அமலான பிஎஸ்-6 வண்டிகளில் நீங்கள் பார்ப்பது இந்த வகைதான்.

இவை தவிர, சிவப்பு ஆயில் லைட் ஒன்று இருக்கும். பழைய வண்டிகள் பலவற்றில் அதற்குத் தனி சுவிட்ச். முள்ளுக்கு ஒரு சென்டர், லைட்டுக்கு வேறொரு சுவிட்ச் என்றால் உங்களிடம் இரண்டு சாட்சிகள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே சென்சார் என்றால் இருப்பது ஒரு சாட்சிதான். அவர் ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்கிறார்.

ஒரு எச்சரிக்கை. அந்த லைட் சுவிட்ச், அழுத்தம் ஏறத்தாழ அரை பார் அளவுக்கு, அதாவது 7 பிஎஸ்ஐ பக்கம் விழுந்தால்தான் லைட்டை எரியவிடும். லோடோடு ஓடும்போது 30 பிஎஸ்ஐ தேவைப்படும் இன்ஜினில் 12 பிஎஸ்ஐ மட்டும் இருந்தாலும் லைட் எரியாது. "லைட் எரியல, அதனால ஒண்ணும் இல்ல" என்ற முடிவு இதனால்தான் ஆபத்தானது.

சோதனை 1: டிப்ஸ்டிக்

செலவே இல்லாத சோதனை இது. சமதளத்தில் நிறுத்தி, 10 நிமிடம் பொறுத்து, டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பார்க்க வேண்டும்.

கீழ்க் கோட்டுக்கும் கீழே இருந்தால், முள் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. ஃபில்டர், டிரெயின் பிளக், டர்போ குழாய் பக்கம் கசிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

மேல் கோட்டையும் தாண்டி ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள். டீசலோ ரேடியேட்டர் தண்ணீரோ ஆயிலில் கலந்திருக்கலாம். டீசல் வாசனை அடித்து, தண்ணீர் மாதிரி ஒழுகினால் டீசல். பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர். இரண்டிலும் இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்யக்கூடாது.

லெவல் சரியாக இருந்தால் கேஜ் கோளாறு உறுதியாகிவிட்டதா? இல்லை. பம்ப் உறிஞ்சும் இடத்தில் உள்ள ஸ்ட்ரெயினர் அடைத்திருக்கலாம். ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம். பேரிங் தேய்ந்திருக்கலாம். கசிவு என்ற ஒரு காரணம் கழிந்தது, அவ்வளவுதான்.

சோதனை 2: சாவி மட்டும்

இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். இப்போது அழுத்தம் பூஜ்யம் என்பது நமக்கு நிச்சயமாகத் தெரியும். விடை தெரிந்த கேள்வியைக் கருவியிடம் கேட்டுப் பார்க்கும் நேரம் இது.

சிவப்பு லைட் எரிய வேண்டும். எரியவில்லை என்றால் பல்போ ஒயரோ சுவிட்சோ போயிருக்கிறது. இந்த வண்டியில் அழுத்தம் விழுந்தாலும் லைட் சொல்லாது. முள் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். நின்றிருக்கும் இன்ஜினில் முள் 40 காட்டினால், அது பொய் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

எரிபொருள் மீட்டரும் ஹீட் மீட்டரும் என்ன காட்டுகின்றன என்றும் பாருங்கள். எல்லா முள்ளும் ஒரே நேரத்தில் விழுந்திருந்தால், சந்தேகம் பொதுவான ஃபியூஸ் அல்லது எர்த் பக்கம் போகும்.

சோதனை 3: டிரைவரிடம் கேளுங்கள்

முள் எப்படி விழுந்தது என்பது ஒரு தடயம். நிஜமான அழுத்தம் ஆர்பிஎம்மோடு ஏறும்; சூட்டோடு இறங்கும். பள்ளத்தில் இறங்கும்போது முள் துள்ளியதா? ஹெட்லைட் போட்டதும் விழுந்ததா? அப்படியென்றால் ஒயர் அல்லது எர்த் மேல் சந்தேகம் அதிகம். சில வாரமாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்ததா? அப்படியென்றால் தேய்மானம் அல்லது ஆயில் இளகல். மலைப்பாதையில் ஏறும்போதும் வளைவிலும் மட்டும் முள் ஆடியதா? ஆயில் குறைந்து, பம்ப் காற்றை உறிஞ்சுகிறது என்று அர்த்தம் ஆகலாம்.

ஆனால் 'சட்டென்று விழுந்தது, அதனால் ஒயர்தான்' என்று முடிக்க முடியாது. பம்பை ஓட்டும் கியர் உடைந்தாலும் சட்டென்றுதான் விழும். இந்தச் சோதனை சந்தேகத்தைத் திசைதிருப்பும், தீர்ப்பு சொல்லாது.

சோதனை 4: ஒயரும் மின்தடையும்

பழைய எலக்ட்ரிக்கல் வகைக்கு மட்டும் இது. சாவி ஆனில், இன்ஜின் ஆஃபில், சென்டரின் ஒயரைக் கழற்றி ஒரு நொடி இன்ஜின் பாடியில் தொட வேண்டும். கழற்றியபோது ஒரு முனையிலும் தொட்டபோது மறுமுனையிலும் முள் நின்றால், மீட்டரும் ஒயரும் நல்லா இருக்கின்றன. அப்போது சந்தேகம் இரண்டின் மேல்: சென்டர், அல்லது நிஜமாகவே குறைந்த அழுத்தம். முள் அசையவே இல்லை என்றால் ஃபியூஸ், ஒயர், மீட்டர் என்று தேட வேண்டும்.

இங்கே பலர் தடுமாறும் ஒரு இடம் இருக்கிறது. எந்த முனை என்பது வண்டிக்கு வண்டி மாறும். அமெரிக்க வகை சென்டர்களில் அழுத்தம் இல்லாதபோது சுமார் 240 ஓம், முழு அழுத்தத்தில் சுமார் 33 ஓம். ஐரோப்பிய வகையில் அழுத்தம் இல்லாதபோது சுமார் 10 ஓம், முழு அழுத்தத்தில் சுமார் 180 ஓம். முதல் வகையில் ஒயர் அறுந்தால் முள் பூஜ்யத்துக்கு விழும். இரண்டாம் வகையில் அதே ஒயர் அறுந்தால் முள் உச்சிக்கு ஏறும்.

இதில் எது அதிக ஆபத்து? பூஜ்யத்துக்கு விழுந்தால் டிரைவர் போன் செய்வார். உச்சியில் நின்றால் யாரும் கேட்கவே மாட்டார்கள். எப்போதும் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் முள்ளையும் சந்தேகிக்க வேண்டும்.

வகை மாறிய சென்டரைக் கடையில் வாங்கிப் போட்டாலும் முள் தலைகீழாகக் காட்டும். மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றி இறுக்கினால், பாடி வழியாக வர வேண்டிய எர்த் தடைபட்டு, புது சென்டரும் தவறாகக் காட்டலாம். 'சென்டர் மாத்தியாச்சு, அப்பவும் ஜீரோ, அதனால இன்ஜின்தான் போச்சு' என்ற முடிவுக்கு வருவதற்கு முன் இந்த இரண்டையும் பாருங்கள்.

பிஎஸ்-6 வண்டியில் ஒயரைப் பாடியில் தொடும் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. அங்கே சென்சாருக்குப் போவது 5 வோல்ட். தவறான ஒயரைத் தொட்டால் மற்ற சென்சார்களும் சேர்ந்து படுத்துவிடலாம்.

பிஎஸ்-6 வண்டியில் என்ன பார்ப்பது?

ஃபால்ட் கோட். கனரக வண்டிகளின் ஜே1939 என்ற தகவல் விதிமுறையில் இன்ஜின் ஆயில் பிரஷருக்கு எஸ்பிஎன் 100 என்று எண். அதோடு வரும் எஃப்எம்ஐ எண்தான் நமக்கு முக்கியம்.

எஃப்எம்ஐ 3 அல்லது 4 என்றால், சென்சாரிலிருந்து வரும் வோல்டேஜ் அளவுக்கு மேலேயோ கீழேயோ இருக்கிறது. கோளாறு சென்சார் அல்லது அதன் ஒயரில்.

எஃப்எம்ஐ 1 அல்லது 18 என்றால், சிக்னல் ஒழுங்காக வருகிறது. அது சொல்லும் அழுத்தம் குறைவு. 18 மிதமான எச்சரிக்கை, 1 தீவிரமானது.

உங்கள் ஆபீஸ் ஸ்கிரீனில் டெலிமேட்டிக்ஸ் இருந்தால், இந்தக் கோட் டிரைவர் போன் செய்வதற்கு முன்பே உங்களிடம் வந்திருக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எஃப்எம்ஐ 3 வந்தால் 'அப்பாடா, சென்சார்தான்' என்று மூச்சு விடத் தோன்றும். அந்தக் கோட் சொல்வது, அழுத்தம் எவ்வளவு என்று இப்போது யாருக்கும் தெரியாது என்பதைத்தான். அழுத்தம் சரியாக இருக்கிறது என்று அது சொல்லவில்லை. தரவுகளோடு வேலை செய்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம்: காலியான கட்டத்தைப் பூஜ்யம் என்றும் நிரப்பக்கூடாது, நார்மல் என்றும் நிரப்பக்கூடாது.

சோதனை 5: தீர்ப்பு சொல்லும் கேஜ்

மேலே சொன்ன எல்லாம் சந்தேகத்தைச் சுருக்கும் வழிகள். முடிவு சொல்வது ஒன்றுதான். சென்டரைக் கழற்றி, அதே துளையில் சரியான மரை உள்ள அடாப்டரோடு ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்டி, நேரடியாக அளப்பது. ஒயர் இல்லை, எர்த் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை.

முந்தைய சோதனைகளில் இன்ஜினே பழுது என்று தெரியாத பட்சத்தில் மட்டும் இதைச் செய்ய வேண்டும். ஆயில் கொதிக்கும், கையைச் சுட்டுவிடும் என்பதால் ஆறிய பிறகு கழற்றுவது நல்லது. ஸ்டார்ட் செய்து சுமார் 10 நொடிக்குள் கேஜ் ஏறவில்லை என்றால் உடனே ஆஃப். ஏறினால், இன்ஜினை நன்றாகச் சூடாக விட்டு, ஐட்லிங்கில் ஒரு தடவை, முழு வேகத்தில் ஒரு தடவை குறித்துக்கொள்ள வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் எடுத்த எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். தேய்ந்த இன்ஜினும் குளிரில் நல்ல எண் காட்டும்.

மேனுவல் அளவோடு பொருந்தினால், கோளாறு முள் பக்கம். சென்டரையும் ஒயரையும் சரிசெய்து கிளம்பலாம். பொருந்தவில்லை என்றால், முள் உங்கள் இன்ஜினைக் காப்பாற்றியிருக்கிறது. ஆயில் கிரேடு சரியா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று ஆரம்பித்து, ரிலீஃப் வால்வு, பம்ப், பேரிங் என்று மெக்கானிக் தேட வேண்டும். வண்டியை டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும்.

இந்த கேஜுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஊர் தெரியாத இடத்தில், மொழி தெரியாத டிரைவரிடம் 'இன்ஜின் இறக்கணும்' என்று யாராவது சொன்னால், 'முதல்ல கேஜ் மாட்டி அளந்து, போட்டோ அனுப்புங்க' என்று கேட்கலாம். அதைச் செய்ய மறுப்பவரிடம் இன்ஜினைக் கொடுக்காதீர்கள்.

அலுவலகத்தில் இருப்பவர் செய்ய வேண்டியது

நிறுத்துவதா, ஓட்டுவதா என்ற முடிவு சாலையில் எடுக்கப்படுவதாகத் தெரிந்தாலும், உண்மையில் அதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. டிரிப்புக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்கும் டிரைவர், நிறுத்தினால் தன் காசு போகும் என்று நினைத்தால் ஓட்டத்தான் செய்வார். இன்ஜின் பிடித்த பிறகு 'மீட்டரைப் பார்க்கலையா' என்ற கேள்வியும் அவரிடம்தான் வரும். ஆயில் லைட்டுக்காகவோ முள்ளுக்காகவோ நிறுத்தியவரின் பணத்தில் கை வைக்க மாட்டோம் என்பதை முன்கூட்டியே, தெளிவாகச் சொல்லி வையுங்கள். பின்னால் அது பொய்யான எச்சரிக்கை என்று தெரிந்தாலும் அந்த வாக்கு மாறக்கூடாது. இல்லாவிட்டால் அடுத்த தடவை யாரும் நிறுத்த மாட்டார்கள்.

இன்னும் ஒரு சின்ன வேலை. வாரம் ஒரு தடவை, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஐட்லிங்கில் முள் எங்கே நிற்கிறது என்று டிரைவரை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூன்று மாதத்தில் அந்த வண்டிக்கு எது வழக்கம் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். 25-இல் நின்ற முள் மெதுவாக 15-க்கு இறங்குவது அந்த வரிசையில் தெரியும். ஒரே நாளில் பூஜ்யத்துக்கு விழுவதும் தெரியும். அடுத்து போன் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் கையில் ஏதாவது இருக்கும்.